வானூர்தி கண்ட வில்பர் ரைட்

கொங்குநாட்டில் சோமனூரைச் சூழ்ந்த ஊர்களில் வைகறை தொடங்கித் தறியோசை கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே நெய்யப்படுவது பெரும்பாலும் வெளுக்காத பருத்தித் துணி. அதனைக் காடாத் துணி என்பர். தறியை விட்டு வெளியே வந்து தலைநிமிர்ந்து நோக்கினால், அண்மையிலுள்ள சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் விமானங்கள் வானைக் கிழித்துச் செல்வதைக் காணலாம். கீழே தறி, மேலே விமானம். இவ்விரண்டிற்கும் யாது தொடர்பு என்று மாணவர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. மனிதனைச் சுமந்துகொண்டு, தன் பொறியின் ஆற்றலால் எழுந்து, ஓட்டுபவரின் கைக்கு அடங்கிப் பறந்த முதல் விமானத்தின் சிறகுகள் இத்தகைய வெளுக்காத பருத்தித் துணியாலேயே போர்த்தப்பட்டிருந்தன.

அவ்விமானத்தைச் செய்தோர் அமெரிக்க நாட்டு உடன்பிறந்தார் இருவர். மூத்தவர் வில்பர் ரைட். இளையவர் ஆர்வில் ரைட். இருவர் புகழும் ஒன்றே. எனினும், முதன்முதலில் பறக்க முயன்று, எழும்பிய மூன்றரை வினாடியில் மணலில் விழுந்தவர் மூத்தவரே. விழுந்தபின் அவர் நடந்துகொண்ட முறை, பறந்ததினும் பெருமை உடையது. ஆதலின் அவர் வரலாற்றை இங்கே காண்போம்.

வில்பர் 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இந்தியானா மாநிலத்து மில்வில் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். தந்தையார் மில்டன் ரைட், கிறித்தவ சமயத் தலைவர். ஊர் ஊராகச் சென்று தொண்டு செய்தவர். தாயார் சூசன், வண்டி செய்யும் தச்சர் ஒருவரின் மகள். தந்தையின் பட்டறையில் கருவிகளோடு பழகி வளர்ந்தமையால், உடைந்த பொருள்களைச் செப்பம் செய்வதில் அவர் வல்லவர். பிள்ளைகளின் கைத்திறன் தாய்வழி வந்த செல்வம் எனலாம்.

1878ஆம் ஆண்டு, வெளியூர் சென்று திரும்பிய தந்தையார் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுப் பொருள் கொணர்ந்தார். மூங்கிலும் தக்கையும் தாளும் கொண்டு செய்யப்பட்ட அதன் உறுப்பை முறுக்கேறிய இரப்பர் நாடா சுழற்றும், பொருள் மேலெழும்பும். அது விரைவில் உடைந்துவிட்டது. உடைந்த பொருளுக்காகப் பிள்ளைகள் அழவில்லை. அதனைப் போன்றதொன்றைத் தாமே செய்ய முற்பட்டனர். பறத்தல் பற்றிய எண்ணம் அன்றே அவர்கள் உள்ளத்தில் வித்திடப்பட்டது.

வில்பர் படிப்பில் சிறந்தவர், விளையாட்டிலும் முந்துபவர். பெரிய பல்கலைக் கழகம் ஒன்றில் அவரைச் சேர்க்கும் எண்ணம் வீட்டாருக்கு இருந்தது. ஆனால், அவருக்கு ஏறத்தாழப் பதினெட்டு வயதானபோது, பனிக்கட்டியின்மேல் பந்தாடுகையில் மட்டையொன்று முகத்தில் பட்டு முன்பற்கள் போயின. புண் ஆறிய பின்னரும் நெஞ்சுத் துடிப்பு அவரை வாட்டியது. பல்கலைக் கழகக் கனவு கலைந்தது. அதே காலத்தில் தாயாரை எலும்புருக்கி நோய் பற்றியது. வில்பர் ஏறக்குறைய மூன்றாண்டு வீட்டிலேயே தங்கித் தாயாருக்குப் பணிவிடை செய்தார். காலையில் அவரை மாடியிலிருந்து கீழே தூக்கி வருதலும், மாலையில் மீண்டும் தூக்கிச் செல்லுதலும் அவர் கடமையாயின. எஞ்சிய பொழுதெல்லாம் தந்தையாரின் நூலகத்தில் கழிந்தது. 1889இல் தாயார் மறைந்தார். கல்லூரி வாயிலை மிதியாத வில்பருக்கு, நோயுற்ற தாயின் அருகே கிடந்த நூல்களே கல்லூரியாயின.

பின்னர் உடன்பிறந்தார் இருவரும் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில் அச்சகம் நடத்தினர்; 1892இல் மிதிவண்டிக் கடை திறந்தனர்; சில ஆண்டுகளில் மிதிவண்டிகளைத் தாமே செய்து விற்கவும் தொடங்கினர். மிதிவண்டி தானே நில்லாது. ஏறியவன் நொடிதோறும் சாய்வைச் சரிசெய்துகொண்டே செல்லவேண்டும். இவ்வுண்மை பின்னர் அவர்களுக்குப் பேருதவி புரிந்தது.

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. செருமன் நாட்டு ஆட்டோ லிலியந்தால் என்பார், பறவைச் சிறகு போன்ற அமைப்பைத் தோளில் தாங்கிக் குன்றுகளினின்றும் இரண்டாயிரம் முறைக்குமேல் மிதந்து இறங்கியவர். அவர் ஒருநாள் மிதந்து செல்கையில் சிறகு மேல்நோக்கி மிகச் சாய்ந்து விரைவிழந்தது. அவர் ஏறத்தாழ ஐம்பதடி உயரத்தினின்றும் விழுந்து முதுகெலும்பு முறிந்து மறுநாள் இறந்தார். இச்செய்தி பலருக்கு அச்சம் விளைத்தது. வில்பருக்கோ ஆராய்ச்சி விளைத்தது. விழுந்ததற்குக் காரணம் யாது என்று அவர் எண்ணலானார். 1899ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் வாசிங்டனிலுள்ள சுமித்சோனியன் நிறுவனத்திற்கு மடல் எழுதி, பறத்தல் பற்றிய நூல்களை வேண்டிப் பெற்றார்.

பிறரெல்லாம் வலிய பொறியொன்று கிடைத்தால் பறந்துவிடலாம் என்று கருதிய காலம் அது. வில்பரோ, மேலெழுவதைக் காட்டிலும் எழுந்தபின் நிலை குலையாது இருத்தலே அரிது என்று தெளிந்தார். பறவைகள் சிறகின் நுனியை முறுக்கிச் சாய்வைச் சரிசெய்தலைக் கண்டார். கடையில் ஒருநாள் மிதிவண்டிக் குழாய் வந்த நீண்ட அட்டைப்பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோது, விமானத்தின் இரட்டைச் சிறகுகளையும் அவ்வாறே கயிற்றால் முறுக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

காற்று ஓயாது வீசுவதும், விழுந்தால் காயம் படாத மணற்பரப்பு உடையதுமான ஓரிடத்தை நாடி, 1900ஆம் ஆண்டு அவர்கள் வட கரோலினாக் கடற்கரையிலுள்ள கிட்டி ஹாக் என்னும் ஊரை அடைந்தனர். வில்பர் தாம் தங்கிய வீட்டு அம்மையாரின் தையற்பொறியை இரவல் வாங்கிச் சிறகுத் துணியைத் தாமே தைத்தார். ஆய்வு முடிந்து அவர்கள் விட்டுச்சென்ற துணியை அவ்வம்மையார் தம் பெண்மக்கள் இருவருக்கும் ஆடையாகத் தைத்தார். விண்ணளக்க முயன்ற துணி, மறு ஆண்டு சிறுமியர் மேனியில் திகழ்ந்தது.

1901ஆம் ஆண்டு செய்த மிதவை விமானம் எதிர்பார்த்த அளவில் பாதியும் உயர்த்தவில்லை. தம் வாழ்நாளில் மனிதன் பறக்கப் போவதில்லை என்றே வில்பர் மனம் சோர்ந்தார். ஆயினும் சோர்வு நெடுநாள் நிற்கவில்லை. முன்னோர் தந்த கணக்கே பிழையோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. உடன்பிறந்தார் இருவரும் மரப்பெட்டியொன்றில் விசிறியால் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ இருநூறு வடிவங்களில் சிறு சிறகுகளைச் செய்து ஆராய்ந்து, புதிய கணக்கைத் தாமே கண்டனர். அக்கணக்கின்படி அமைந்த 1902ஆம் ஆண்டு மிதவை விமானம் நூற்றுக்கணக்கான முறை இனிது மிதந்தது. இனி வேண்டுவது பொறி ஒன்றே.

அவர்கள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்னும் தொழிலாளர் ஆறு வாரங்களில் பன்னிரண்டு குதிரைத் திறனுள்ள பொறியைச் செய்து முடித்தார். மரச்சட்டங்களால் நாற்பதடி நீளச் சிறகுகள் அமைத்து, பருத்தித் துணி போர்த்தி, இரண்டு சுழல் விசிறிகளைப் பூட்டினர். ஓட்டுபவர் கீழ்ச்சிறகின்மேல் குப்புறப் படுத்துக்கொள்வார். மேலே எழுவதற்கும் கீழே இறங்குவதற்கும் உரிய சுக்கான் விமானத்தின் முன்புறத்தே கிடையாக அமைந்திருந்தது. அதன் பிடி ஓட்டுபவரின் கையில் இருந்தது.

அதே காலத்தில் லாங்லி என்னும் பேரறிஞர், அரசு அளித்த ஐம்பதாயிரம் டாலர் பொருளுதவியுடன் பெரிய விமானம் ஒன்றைச் செய்திருந்தார். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் படகு வீட்டின் மேலிருந்து செலுத்தப்பட்ட அவ்விமானம், எழும்பும் இடத்திலேயே முறிந்து ஆற்றில் விழுந்தது. ஓட்டியவர் உயிர் தப்பினார். செய்தித்தாள்கள் எள்ளி நகைத்தன. பேரறிஞர்க்கே இயலாதது மிதிவண்டிக் கடைக்காரர்க்கு இயலுமோ என்று உலகம் கருதிய வேளை அது.

அந்நிகழ்ச்சிக்கு ஆறாம் நாள், டிசம்பர் 14ஆம் நாள், கிட்டி ஹாக் மணற்குன்றின் சரிவில் ரைட் உடன்பிறந்தாரின் விமானம் மரத் தண்டவாளத்தின்மேல் நின்றது. கடற்காவல் நிலையத்தார் ஐவர் துணைக்கு வந்தனர். உடன் வந்த சிறுவர் இருவர், பொறியின் முழக்கம் கேட்டு ஓடி ஒளிந்தனர். முதலில் ஏறுவது யார்? மூத்தவர் என்ற உரிமையை வில்பர் பாராட்டவில்லை. நாணயத்தைச் சுண்டினர், வெற்றி வில்பர்க்கே கிட்டியது.

அவர் படுத்துப் பிடியைப் பற்றினார். கட்டு அவிழ்க்கப்பட்டது. விமானம் சரிவில் விரைந்தது. ஏறத்தாழ நாற்பதடி ஓடியதும் தரையை விட்டு எழுந்தது. எழுந்த மகிழ்ச்சியிலோ, பழக்கம் இன்மையாலோ, வில்பர் சுக்கானை அளவுக்குமேல் மேல்நோக்கித் திருப்பிவிட்டார். விமானத்தின் முகம் செங்குத்தாக நிமிர்ந்தது. பதினைந்தடி உயரம் சென்றதும் விரைவு குன்றியது. அவர் மீண்டும் சரிசெய்யுமுன், இடச்சிறகு மணலில் மோத, விமானம் திரும்பிச் சறுக்கி நின்றது. முன்சுக்கானைத் தாங்கிய சட்டங்கள் முறிந்தன. எழுந்தது முதல் விழுந்தது வரை கழிந்த காலம் மூன்றரை வினாடி. கடந்த தொலைவு 105 அடி. நல்வினைப் பயனாக வில்பர்க்குக் காயம் இல்லை.

இவ்விபத்தின் காரணத்தை மாணவர் நன்கு அறிதல் வேண்டும். சிறகு காற்றைச் சிறிது சாய்வாக எதிர்கொள்ளும்போது காற்று அதனை மேலே தூக்கும். சாய்வு ஓர் அளவைக் கடந்தால், சிறகின் மேற்புறத்தைத் தழுவி ஓடிய காற்று அதனைவிட்டுப் பிரிந்து சுழலும். அப்போது தூக்கும் ஆற்றல் சட்டென்று குறையும்; விரைவும் குன்றும். வானின் உயரத்தில் இது நேர்ந்தால், முகத்தைத் தாழ்த்தி விரைவை மீட்டுக்கொள்ள இடமுண்டு. தரையை விட்டு எழும்பிய கணத்தில் நேர்ந்தாலோ, மீளுதற்கு உயரமும் இல்லை, காலமும் இல்லை. லிலியந்தாலின் உயிரைக் கவர்ந்ததும் இதுபோன்ற தவறே. இன்றும் சிறு விமானத்தில் பயிற்சி பெறும் மாணவருக்கு, உரிய விரைவு வருமுன் முகத்தை உயர்த்தாதே என்பதனை ஆசிரியர் மீண்டும் மீண்டும் வற்புறுத்துவர். எழ வேண்டும் என்ற ஆசையே விழுவதற்குக் காரணம் ஆதல் கூடும்.

முறிந்த விமானத்தின் அருகே நின்ற வில்பர் என்ன செய்தார்? காற்றைப் பழிக்கவில்லை, தண்டவாளத்தைப் பழிக்கவில்லை, பொறி செய்தவரைப் பழிக்கவில்லை. பொறியும் விசிறியும் தண்டவாளமும் குறையின்றி இயங்கின என்றும், குறை தம் பழக்கமின்மையே என்றும் வீட்டிற்கு எழுதினார். அவ்வளவில் நிற்காது, இனி வெற்றி உறுதி என்பதும் தெளிவாயிற்று என்று எழுதினார். இதனைக் கூர்ந்து நோக்குக. தவறு கருவியினுடையது என்று அவர் தம்மை ஏமாற்றிக்கொண்டிருந்தால், குறையற்ற விமானத்தைப் பிரித்துத் திருத்தி வீண் காலம் கழித்திருப்பார். தவறு தம்முடையது என்று ஒப்புக்கொண்டமையால், விமானம் சரியானதே என்ற உண்மை அவருக்குப் புலனாயிற்று. தம் குறையை ஒளியாது கூறுதல் அறம் மட்டும் அன்று, அறிவுமாகும்.

இரண்டு நாளில் முறிந்தவை செப்பம் செய்யப்பட்டன. டிசம்பர் 17ஆம் நாள் கடுங்குளிர்; குட்டைகளில் நீர் உறைந்திருந்தது; காற்று மணிக்கு இருபது மைலுக்கு மேற்பட்டு வீசியது. வில்பர் தம் முறையைப் பயன்படுத்திவிட்டார். ஆதலின் அன்று முதல் முறை தம்பியினுடையது. காலை 10.35 மணிக்கு ஆர்வில் எழுந்தார். சிறகின் நுனியைப் பற்றி வில்பர் உடன் ஓடினார். பன்னிரண்டு வினாடியில் 120 அடி பறந்து விமானம் இறங்கியது. மனிதன் பறந்தான். முதல்வன் என்ற பெயர் தம்பிக்குச் சென்றது. அதுபற்றி அண்ணன் மனம் கசந்தார் என்பதற்கு அவர் வாழ்வில் ஓர் அடையாளமும் இல்லை. அன்று நான்காம் முறை ஏறிய வில்பர், முன்னைய தவறு நேராது பிடியை அளவோடு இயக்கி, 59 வினாடியில் 852 அடி பறந்தார். மூன்று நாள் முன்னர் மூன்றரை வினாடியில் விழுந்தவர் அவரே.

அதன்பின் டேட்டன் நகரத்து அருகிலுள்ள புல்வெளியில் ஈராண்டு பயின்றனர். அங்கும் எழும்பும்போது பன்முறை விழுந்தனர்; விழுந்த ஒவ்வொரு முறையும் காரணத்தை எழுதிவைத்துத் திருத்தினர். 1905ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் வில்பர் 39 நிமிடம் வட்டமிட்டு 24 மைல் பறந்தார். 1908ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் பிரான்சு நாட்டு லமான் நகரில் அவர் பறந்து காட்டியபோது, ஐயுற்றவர் அனைவரும் வியந்து போற்றினர்.

புகழ் உச்சிக்கு ஏறிய அவ்வாண்டிலேயே பெருந்துயரும் வந்தது. செப்டம்பர் 17ஆம் நாள் அமெரிக்காவில் ஆர்வில் செலுத்திய விமானத்தின் விசிறி பிளந்து விமானம் வீழ்ந்தது. உடன் சென்ற படை அதிகாரி செல்பிரிட்சு உயிரிழந்தார், ஆர்வில் படுகாயமுற்றார். பொறி விமான விபத்தில் மாண்ட முதல் மனிதர் செல்பிரிட்சே. செய்தி கேட்ட வில்பர், தாம் அருகில் இருந்திருந்தால் இது நேர்ந்திராதோ என்று வருந்திச் சில நாள் பறப்பதை நிறுத்தினார். பின்னர் நெஞ்சை உறுதி செய்துகொண்டு, செப்டம்பர் 21ஆம் நாள் ஒன்றரை மணிநேரம் பறந்தார். அவ்வாண்டின் கடைசி நாளில் இரண்டு மணி இருபது நிமிடம் வானில் நின்றார்.

1909இல் பிரான்சின் தென்பகுதியிலுள்ள போ நகரில் வில்பர் ஆசிரியரானார். மாணவரைத் தம் அருகில் அமர்த்திக்கொண்டு பறந்து, சுக்கானைச் சிறிது சிறிதாக அவர்கள் கையில் ஒப்படைத்தார். தாம் தனியே படுத்து விழுந்து கற்ற பாடத்தை, அவர்கள் விழாமலே கற்குமாறு செய்தார். ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்து பயிலும் முறை இன்றும் நிலவுவது.

இருவரும் ஒன்றாகப் பறத்தல் ஆகாது என்று தந்தையார்க்கு வாக்களித்திருந்தனர். ஒருவர்க்குத் தீங்கு நேரினும் மற்றவர் பணியைத் தொடர வேண்டும் என்பது கருத்து. 1910ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் மட்டும் தந்தையாரின் இசைவு பெற்று ஒன்றாகப் பறந்தனர். அன்றே எண்பத்தோராம் வயதுத் தந்தையாரையும் ஆர்வில் வானில் ஏற்றிச் சென்றார். உடைந்த விளையாட்டுப் பொருளைக் கொணர்ந்த தந்தைக்கு மைந்தர் செய்த கைம்மாறு அது.

வானிற்கு அஞ்சாத வில்பரை நோய் வென்றது. குடற்காய்ச்சலால் 1912ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், நாற்பத்தைந்தாம் வயதில் டேட்டன் நகரில் அவர் மறைந்தார். மணம் செய்துகொள்ளாது வாழ்நாள் முழுதும் ஒரே பணிக்கு உரியவராய் இருந்தார். ஆர்வில் 1948 வரை வாழ்ந்தார்.

வில்பர் மறைவதற்கு முந்திய ஆண்டே, 1911 பிப்ரவரி 18ஆம் நாள், நம் நாட்டில் அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானத்தில் அஞ்சல் சென்றது. 1969இல் சந்திரனில் இறங்கிய ஆம்ஸ்டிராங், ரைட் விமானத்தின் மரத்துண்டையும் துணித்துண்டையும் உடன் எடுத்துச் சென்றார். 2021இல் செவ்வாய்க் கோளில் பறந்த சிறு ஊர்தியிலும் அத்துணியின் ஒரு கீற்று கட்டப்பட்டிருந்தது. பருத்திச் செடியில் விளைந்து தறியில் நெய்யப்பட்ட நூல், கோள்விட்டுக் கோள் சென்ற வியப்பு இது.

மாணவர்களே, சோமனூரில் தறியில் இழை அறுந்தால் நெய்பவர் தறியை நிறுத்துகிறார். அறுந்த இடத்தைக் காண்கிறார். முடிந்து மீண்டும் ஓட்டுகிறார். அறுந்ததை மறைத்து நெய்தால் துணி முழுவதும் கெடும். கிட்டி ஹாக் மணலில் வில்பர் செய்ததும் அதுவே. தேர்விலோ தொழிலிலோ தொடக்கத்திலேயே வீழ்ந்தவர், வீழ்ந்த இடத்தை மறையாது நோக்குவாராயின், எழும் வழி அவ்விடத்திலேயே தெரியும்.